ஆச்சி வீட்டை மீட்டெடுப்பது: நெல்லைச் சீமைப் பழைய வீடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீரவநல்லூருக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய் புறவாசலை ஒட்டி ஓடும் ஒரு தெருவில் எங்கள் ஆச்சியின் வீடு இருக்கிறது. ஆச்சி போனபிறகு பதினொரு வருஷம் பூட்டிக் கிடந்தது. கூரையைப் பிரித்து மேய்ந்து, சுவரைத் தேற்றி, மறுபடி அடுப்பெரியும் வீடாக ஆக்க நான்கு வருஷம் பிடித்தது. அதன்பிறகு அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, களக்காடு என்று பல ஊர்க்காரர்கள் தங்கள் தாத்தா வீட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

வீடு கைக்கு வந்துவிட்டது. முதலில் எந்த வேலையைத் தொடங்கலாம்?

எதையும் தொடங்காதீர்கள். விழுகிற மாதிரி இருக்கும் உத்திரத்துக்கு முட்டுக் கொடுங்கள், ஒழுகுகிற இடத்தில் தார்ப்பாய் போடுங்கள், வாய்க்கால்களில் அடைத்திருக்கும் சருகை அள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு முழு வருஷம் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நம் பக்கத்தில் தண்ணீர் மூன்று விதமாக வீட்டுக்குள் வரும். ஆனி, ஆடியில் மேற்கே மலையிலிருந்து காற்றோடு சாரல் வந்து மேற்குச் சுவரை அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டி, கூரையில் ஓட்டை எங்கே என்று காட்டிவிடும். மூன்றாவது தண்ணீர் கீழேயிருந்து ஏறும். எங்கள் பட்டாசாலைச் (நடுக்கூடம்) சுவரில் முறம் அளவுக்கு ஒரு ஈரத்திட்டு இருந்தது. கூரை ஒழுகல்தான் என்று நினைத்துக் கரிக்கட்டையால் அதன் விளிம்பைக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். நல்ல மழையில் அது வளரவில்லை. ஜூனில் கார் நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் விட்ட பத்தாவது நாள், கோட்டைத் தாண்டி நான்கு விரல் ஏறியிருந்தது. அந்த ஒரு கரிக்கோடு எனக்கு அந்த இடத்துக் கூரைச் செலவை மிச்சப்படுத்தியது.

வீடு அப்பா, சித்தப்பா, அத்தை எல்லார் பேரிலும் இருக்கிறது. வேலையை ஆரம்பித்துவிட்டுப் பிறகு பேசிக்கொள்ளலாமா?

வேண்டாம். பட்டா கூட்டுப் பட்டாவா, வில்லங்கச் சான்றில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாரிசுகள் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அத்தைகளை விட்டுவிடாதீர்கள், அவர்களுக்கும் அது பிறந்த வீடு. கையெழுத்து வாங்கப் போகிற அன்றைக்கே, எந்த அறை என்னவாக இருந்தது, நெல் கொட்டிவைக்கும் குலுக்கை எங்கே நின்றது, நிலைக்கு என்ன வண்ணம் இருந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தகவல் வேறு யாரிடமும் கிடைக்காது.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

சாதாரணப் பழுதுக்கும் உள்ளாட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் பக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் வந்த திருத்தப்படி, அந்தச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே பழுது பார்ப்பதற்குக்கூட முன் அனுமதி வேண்டும்.

எங்கள் வீடு எவ்வளவு பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்திரத்தை விட வீடே பல சமயம் தெளிவாகச் சொல்லும். ஓட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சீமை ஓடாக இருந்தால் ஆலையின் பேர் அழுந்தியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சமய அமைப்பினர் 1865இல்தான் அந்த ஓட்டைச் செய்யத் தொடங்கினார்கள். ஆகவே அந்தக் கூரை அதற்குப் பிந்தியது. சுவர் அதற்கு முந்தியதாக இருக்கலாம், முன்பு நாட்டோடு (குயவர் கையால் செய்த ஓடு) வேய்ந்திருப்பார்கள். சுவரில் சிமெண்ட் தெரிந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை வைத்துத் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது 1949இல். அதன்பிறகுதான் சிமெண்ட் நம் பக்கத்துக் கிராமங்களில் கைக்கெட்டும் சாமான் ஆனது. பெரும்பாலான பழைய வீடுகளில் சிமெண்ட் பூச்சு என்பது பேரன் காலத்து வேலை.

"சுவர் உதிர்கிறது, சிமெண்ட் பூசிவிடலாம்" என்கிறார் கொத்தனார். பூசலாமா?

கூடாது. இங்கே எழுதியதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நம் பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. கருங்கல் அஸ்திவாரம், அதன் மேல் மண்ணோ சிட்டுக்கல்லோ (சின்னச் செங்கல்) வைத்துச் சுண்ணாம்பில் கட்டிய சுவர். தரையிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் வெயிலில் ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் போக இடமில்லாமல் இன்னும் உயரமாக ஏறும். தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பொரிந்து, பூச்சையே தள்ளிவிடும். விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழும், ஏனென்றால் சிமெண்ட் அந்தக் கல்லை விடக் கெட்டி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் அவசரப்பட்டு அடுக்களைச் சுவரை இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசவைத்தேன். வேலையை எடுத்தவர் "இருபது வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார். இரண்டாவது மழைக்காலத்தில் இடுப்புக்கு மேலே, பூச்சு முடிகிற கோட்டில், வெள்ளையாக உப்புப் பூத்தது. தொட்டால் பஞ்சு மாதிரி கையில் வந்தது. கால்வாய்ப் பக்கத்து நிலையின் அடிக்கட்டை, நூறு வருஷமாகச் சரியாக இருந்த தேக்கு, கத்தியை வைத்தால் உள்ளே இறங்கியது. பிறகு வந்த பெரிய கொத்தனார் அண்ணாச்சி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செவரு தண்ணி குடிக்கதைத் தடுக்க முடியாது தம்பி. குடிச்சதை வெளிய விடுதா இல்லையாங்கதுதான் விசயம்." சிமெண்ட்டைக் கொத்தி எடுக்கவே பதினாறு நாள் கூலி ஆனது.

அப்படியானால் சுண்ணாம்புக் காரைக்கு என்ன செய்ய வேண்டும்?

பொறுமைதான் முக்கியமான சாமான். சுட்ட சுண்ணாம்புக் கட்டியை வாங்கித் தண்ணீருக்குள் போட்டு நீற்ற வேண்டும். கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும், தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதித்து அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊறவிடுங்கள். ஒரு மாதம் ஊறினால் இன்னும் நல்லது. ஊறாத சுண்ணாம்பைப் பூசினால், நீறாத துணுக்குகள் சுவரில் இருந்தபடியே பிறகு நீறி, பூச்சில் அம்மைத் தழும்பு போலப் பொத்தல் விழும்.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது பொதுவான அளவு. ஓதம் அதிகமான இடத்தில் மணலில் ஒரு பகுதியைக் குறைத்துச் செங்கல் பொடி சேர்ப்பார்கள்; ஈரத்திலும் இறுகும் குணம் அதனால் வருகிறது. கடுக்காயை உடைத்து, கருப்பட்டியோடு தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, அந்த நீரை விட்டுக் குழைப்பதுதான் நம் பக்கத்து முறை. கடுக்காயின் துவர்ப்பும் கருப்பட்டியின் இனிப்பும் சேர்ந்து சாந்தை மெதுவாக இறுகவைக்கும், வெடிப்பைக் குறைக்கும். எவ்வளவு என்பது கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். எங்கள் அண்ணாச்சி நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத்தான் "போதும்" என்பார். கருப்பட்டி மட்டும் நல்லதாக வாங்குங்கள். சீனிப்பாகு கலந்ததைப் போடாதீர்கள். உடன்குடிப் பக்கம் நேரில் போய் வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

பூசுவதற்கு முன் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக அப்பக் கூடாது. அரை அங்குலத்துக்கு மிகாமல் ஒவ்வொரு பூச்சாக, முந்தியது இறுகியபிறகே அடுத்தது. ஒரு வாரம், பத்து நாள் சணல்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது. அது மாதக்கணக்கில் நடக்கிற காரியம். சித்திரை வெயிலில் இந்த வேலையை வைக்காதீர்கள். தையும் மாசியும் நல்ல காலம். வேலை செய்கிறவர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். நீறுகிற சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

மட்டப்பா (தட்டையான மாடித் தளம்) ஒழுகுகிறது. மேலே ஒரு கான்கிரீட் போட்டால் தீர்ந்துவிடாதா?

கட்டைகுத்திய மட்டப்பா எப்படி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். உத்திரத்தின் மேல் கட்டைகளை வரிசையாகக் குத்தி, அவற்றின் மேல் சிட்டுக்கல்லைச் சாய்வாக, நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டியிருப்பார்கள். கடைசியில் தட்டோடு (தட்டையான ஓடு) பதித்திருப்பார்கள். இந்தக் கட்டைகள் ஒரு குறிப்பிட்ட எடைக்குத்தான் குத்தியவை. அதன் மேல் இரண்டு அங்குலக் கான்கிரீட் என்றால் சதுர அடிக்கு பத்துக் கிலோவுக்கு மேல் புதிய பாரம். ஒழுகலும் நிற்காது, ஏனென்றால் கான்கிரீட் வெடித்தபின் அந்த வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டையின் தலையில் போய் நிற்கும்.

பெரும்பாலான ஒழுகல் மூன்றே இடத்தில்தான் இருக்கிறது: தண்ணீர் விழும் தூம்பின் வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, முன்பு யாரோ ஆண்டெனாவுக்கோ கொடிக்கம்பிக்கோ அடித்த ஓட்டை. மூலையில் சுண்ணாம்புக் காரையால் உருட்டிச் சரிவு கொடுங்கள். உடைந்த தட்டோட்டை மட்டும் எடுத்து மாற்றுங்கள். தண்ணீர் வாட்டம் தூம்புப் பக்கம் இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கட்டையின் தலை, அதாவது சுவருக்குள் போகிற பாகம், உளுத்திருக்கிறதா என்று ஆசாரியை வைத்துத் தட்டிப் பார்க்காமல் மேலே எந்த வேலையும் செய்யாதீர்கள்.

ஓட்டுக் கூரையை அப்படியே வைக்கலாமா, தகரம் போடலாமா?

ஓட்டுக் கூரையையே வையுங்கள். பிரிக்கும்போது நல்ல ஓடுகளில் ஐந்தில் நான்கு பங்கு மீண்டும் பயன்படும். விரலால் சுண்டினால் மணிச் சத்தம் வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல். இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய சீமை ஓடு வாங்கலாம், ஆனால் ஆலைக்கு ஆலை அளவு சற்றே மாறும். ஒரு ஓட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்தபிறகு பேசுங்கள். நாட்டோடு வேண்டுமென்றால் காருக்குறிச்சிப் பக்கத்து மண்பாண்டக்காரர்களிடம் கேளுங்கள், சொல்லிச் செய்ய வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டின் ரெண்டாங்கட்டுக் (இரண்டாம் பகுதி) கைமரங்கள் எல்லாம் பனை. அறுபது எழுபது வருஷம் நின்ற பனையில்தான் கறுப்பு வைரம் பாயும். அப்படிப்பட்ட மரத்தில் செதுக்கிய கைமரம் இரும்பு மாதிரி. நாற்பத்திரண்டில் ஆறுதான் மாற்ற வேண்டியிருந்தது. எளிதில் கிடைக்கிறதே என்று தைலமரத்தை வைத்துவிடாதீர்கள். அது காயக் காய முறுக்கிக்கொண்டு ஓட்டைத் தூக்கிவிடும்.

கரையான் அரித்த மரத்தைக் காப்பாற்ற முடியுமா?

எவ்வளவு அரித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. திருப்புளியால் குத்துங்கள். மேலே கால் அங்குலம் மட்டும் இறங்கினால் மரம் பிழைக்கும். செதுக்கி எடுத்துவிட்டு, போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரை இரண்டு மூன்று முறை பூசுங்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது பழைய வழக்கம், அது இன்றும் வேலை செய்கிறது, மரம் கறுக்கும் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். நிலையின் அடி மட்டும் போயிருந்தால் முழு நிலையையும் பெயர்க்காதீர்கள். நல்ல ஆசாரி கெட்ட பாகத்தை அறுத்துவிட்டு, அதே சாதி மரத்தில் கட்டை செய்து நாக்கும் குழியுமாகப் பூட்டிவிடுவார். எங்கள் நிலையில் ஒட்டு எங்கே என்று இப்போது நான் காட்டினால்தான் தெரியும்.

கரையான் வருவது ஈரத்தைத் தேடித்தான். ஈரத்தை நிறுத்தாமல் மருந்து மட்டும் அடித்தால் அடுத்த வருஷம் அடுத்த தூணுக்குப் போகும். கிணறு பக்கத்தில் இருந்தால் மண்ணில் ஊற்றுகிற மருந்தைப் பற்றி மிகவும் யோசியுங்கள்.

சுவரில் வெடிப்பு இருக்கிறது, அரசங்கன்று முளைத்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வெடிப்பின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்தால் இரண்டு பக்கமும் ஒட்டித் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்தில் கண்ணாடி உடையவில்லை என்றால் அது பழைய வெடிப்பு, அடைத்தால் போதும். உடைந்தால் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அரசு, ஆல் கன்றைப் பிடுங்காதீர்கள். வேரோடு கல்லும் வரும். அடியோடு வெட்டி, வேர் போகும் வழியில் காரையைத் திறந்து, வேரை முழுதும் எடுத்தபிறகு அடையுங்கள்.

முற்றத்தின் மேல் கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூடலாமா? மழையும் குரங்கும் வருகிறதே?

குரங்குக்குக் கம்பிவலை போடுங்கள். மூட வேண்டாம். பட்டாசாலைக் காற்றெல்லாம் முற்றம் வழியாக மேலே போவதால்தான் பங்குனியில்கூட மின்விசிறி இல்லாமல் தார்சாவில் (முன்கூடம்) படுக்க முடிகிறது. கண்ணாடி போட்ட வீட்டில் மத்தியானம் நான் இருந்து பார்த்திருக்கிறேன். அது நெல் அவிக்கிற அண்டாவுக்குள் இருப்பது போல. மழை முற்றத்தில் விழட்டும். தண்ணீர் போகும் சாக்கடை மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை தூர் எடுக்கப்பட வேண்டும்.

வெள்ளை அடிப்பதா, பெயிண்டா? என்ன வண்ணம்?

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான். எமல்ஷன் பெயிண்ட் ரப்பர் தோல் மாதிரி சுவரை மூடி, சிமெண்ட் செய்கிற கெடுதியைச் சின்ன அளவில் செய்யும். ஊறிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடித்து, ஈரச் சுவரில் மட்டையால் மெல்லிசாக மூன்று நான்கு தடவை அடிக்க வேண்டும். முதல் தடவை அடித்ததும் ஒன்றுமே தெரியாது, பயந்து கெட்டியாகக் கரைத்துவிடாதீர்கள். காயக் காய வெளுக்கும். அரிசிக் கஞ்சியோ வஜ்ஜிரப் பசையோ சேர்த்தால் கையில் ஒட்டாது. பழைய பெயிண்ட் இருந்தால் அதன் மேல் சுண்ணாம்பு நிற்காது, சுரண்டி எடுத்தாக வேண்டும்.

வண்ணத்துக்குச் சுவரையே கேளுங்கள். பட்டாசாலையில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தைப் பிளேடால் மெல்ல மெல்லச் சுரண்டினேன். வெள்ளை, வெள்ளை, இளம் பச்சை, வெள்ளை, நீலம், கடைசியில் காவி. ஒவ்வொரு பொங்கலும் ஒரு படலம். அந்த நீலம் துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்தது. அதைத்தான் தார்சாவுக்கு மறுபடி அடித்திருக்கிறோம். சுரண்டிய இடத்தை அப்படியே விட்டு, சுற்றி ஒரு மெல்லிய மரச்சட்டம் அடித்திருக்கிறேன். வீட்டிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான்.

கதவு, தூண்களில் பழைய எண்ணெய்ப் பெயிண்ட் இருந்தால் உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய தூசியில் ஈயம் இருக்கக்கூடும், குழந்தைகளுக்கு அது விஷம். நனைத்துச் சுரண்டுங்கள், சுரண்டியதைத் தாளில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

தரைக்கு டைல்ஸ் போடலாமா?

இருக்கிற தரையை முதலில் கழுவிப் பாருங்கள். பல வீடுகளில் அழுக்குக்கு அடியில் நல்ல சிவப்புத் தரை இருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் நாலு வாரம் துடைத்தால் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும். சிவப்புத் தரையில் விழுந்த கீறலை ஒட்டுப் போட்டால் ஒட்டு தெரியத்தான் செய்யும். தெரியட்டும். பளபளக்கிற டைல்ஸைப் போட்டால் கீழே அடைபட்ட ஈரம் முழுக்கச் சுவர் வழியாக ஏறும்.

கரண்டும் கழிப்பறையும் பழைய வீட்டில் எப்படிச் சேர்ப்பது?

சுவரைக் கிழித்து ஒயர் பதிக்க வேண்டாம். சுவரின் மேலேயே மரப்பட்டியிலோ குழாயிலோ ஓட்டுங்கள், அந்தக் கால முறையும் அதுதான். பழைய ஒயர் எதையும் நம்பாமல் முழுதும் மாற்றி, எர்த் போட்டு, கசிவு கண்டால் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி வையுங்கள். கழிப்பறை, குளியலறையைப் பழைய சுவருக்குள் நுழைக்காமல் மூன்றாங்கட்டில், தொழுவம் இருந்த இடத்தில் தனியாகக் கட்டுங்கள். அங்கே சிமெண்ட், டைல்ஸ் எல்லாம் தாராளமாகப் போடலாம். வயசானவர்களுக்கு ராத்திரி நடை தூரம் என்றால் வழியெல்லாம் விளக்கும் கைப்பிடியும் வையுங்கள்.

காரைக்குடியிலிருந்து தூணும் ஆத்தங்குடிக் கல்லும் வாங்கி அலங்கரிக்க ஆசை. செய்யலாமா?

உங்கள் வீடு, உங்கள் ஆசை. ஆனாலும் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். செட்டிநாட்டு வீடு அகலமும் உயரமும் காட்டுகிற வீடு. நம் ஆற்றங்கரை வீடு வேறு. தெருவில் ஒரு திண்ணையும் ஒற்றை வாசலுமாக ஒடுங்கி நின்று, தார்சா, பட்டாசாலை, அரங்குவீடு (சாமான் வைக்கும் உள்ளறை), அடுக்களை, தொழுவம் என்று வாய்க்கால் வரைக்கும் நீளமாகப் போகிற வீடு. வாசல் நிலையில் நின்றால் புறவாசல் வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த நீளப் பார்வைதான் இதன் அழகு. நடுவில் பெரிய தூணையோ நிலைக்கண்ணாடியையோ நிறுத்தினால் அது செத்துப்போகும்.

நம் பக்கத்துச் சாமான்களே போதும். பத்தமடைப் பாய், ஆற்றங்கரைக் கோரையில் நெய்தது. மெல்லிய ரகத்தைச் சுருட்டினால் கைக்குள் அடங்கும். அதைச் சுவரில் மாட்டாமல் விரித்து உட்காருங்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான், பனையோலைக் கடகம், ஆச்சியின் குத்துப்போணி, திருகை. புழங்குகிற சாமானைப் புழங்கும் இடத்தில் வைத்தாலே வீடு நிறைந்துவிடும். எங்கள் ஊஞ்சல் பட்டாசாலையில் இருந்த அதே இரும்பு வளையத்தில் தொங்குகிறது. வளையத்தை ஆசாரி சோதித்த பிறகுதான் பிள்ளைகளை ஏறவிட்டேன். பழைய ரவிவர்மா படங்களைச் சட்டத்திலிருந்து பிரித்து "சுத்தம்" செய்யாதீர்கள். வெயில் படாத, ஓதம் இல்லாத சுவரில், பின்னால் சிறு கட்டை வைத்துக் காற்றோடும்படி மாட்டுங்கள்.

2023 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. என்ன செய்வது?

டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நாம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ மண்சுவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. நின்ற சுவரை அவசரமாக உலர்த்தாதீர்கள். கதவு, சன்னல்களைத் திறந்து போட்டு, கீழே மூன்றடிக்குச் சிமெண்ட் பூச்சோ பெயிண்டோ இருந்தால் அதை உரித்துவிட்டு, இரண்டு கோடை விடுங்கள். பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்காமல், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். துடைத்தால் மறுபடி சுவருக்குள்தான் போகும்.

இந்த வேலை தெரிந்த ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்?

கோயில் திருப்பணி நடக்கிற இடத்தில் போய் நில்லுங்கள். சுதை வேலையும் காரை வேலையும் தெரிந்தவர்கள் அங்கேதான் வருகிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களோடு இரண்டு இளைஞர்களையும் சேர்த்துக் கூலி கொடுங்கள், தொழில் கை மாறும். நாள் கூலிக்குத்தான் பேச வேண்டும். சதுர அடிக்குப் பேசினால் சுண்ணாம்பு ஊறுகிற நாளை யாரும் காத்திருக்க மாட்டார்கள். பிசான நெல் அறுவடைக் காலத்தில் சித்தாள் கிடைப்பது கஷ்டம், முன்பே சொல்லிவையுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் கணக்கில் பாதிக்கு மேல் கூரைக்கே போனது, மீதியில் பெரும்பகுதி கூலி. அலங்காரத்துக்கு ஆனது மிகக் குறைவு. பணம் முடையென்றால் கூரையை முடித்துவிட்டு நிறுத்திவிடுங்கள். ஒழுகாத வீடு காத்திருக்கும்.

தொடங்குவதற்கு முன் போய்ப் பார்க்கக்கூடிய வீடுகள் உண்டா?

இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. வீடு இரண்டும் பழைய திருநெல்வேலி மாவட்டத்து வீடுகள்தான். மர வேலைக்குத் தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை. சென்னைப் பக்கம் போனால் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் அக்கிரகார வீட்டை நிதானமாகப் பாருங்கள். கல்லிடைக்குறிச்சித் தெருக்களில் ஒரு காலை நடந்தாலும் போதும். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்துக் காட்டுவார்கள்.

அரங்குவீட்டுப் பூட்டுக்குச் சாவி இல்லை. உடைத்துவிடலாமா?

உடைக்காதீர்கள். சாவித் துளையில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் பூட்டு வேலை தெரிந்த ஆசாரியைக் கூப்பிட்டால் துளையில் மெழுகு வைத்து அச்செடுத்து அடித்துக் கொடுப்பார். அதற்கும் முன்னால் நிலைக்கு மேலே உள்ள இடுக்கு, மாடக்குழி, அரிசிப் பானை வைக்கும் பலகை எல்லாவற்றிலும் கை விட்டுத் துழாவுங்கள். எங்கள் வீட்டுச் சாவி விளக்கு மாடத்தின் பின்சுவரில், ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பல பொங்கலுக்கு அதன் மேலேயே வெள்ளை அடித்திருக்கிறார்கள். சுவரில் ஒரு தழும்பு என்றுதான் நினைத்திருந்தேன். சுரண்டும்போது பிளேடு இரும்பில் பட்டுச் சத்தம் கேட்டது.